கொடுத்தால் பிழைக்கும் குடுவைச்செடி

சார்லஸ் டார்வின் 1875-ஆம் ஆண்டு பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றித் தனி நூல் ஒன்றை வெளியிட்டார். செடி உயிரினத்தைப் பிடித்துச் செரிக்கிறது என்பதைச் சோதனைகளால் நிறுவிய நூல் அது. ஆனால், அவர் ஆராய்ந்த செடிகளில் பல அவருடையவை அல்ல. கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த அவருடைய நண்பர் ஜோசப் டால்டன் ஹூக்கர் அங்கிருந்து செடிகளை அனுப்பி உதவினார். லேடி டோரதி நெவில் என்னும் சீமாட்டி, தம்முடைய கண்ணாடி வீட்டில் வளர்த்த அரிய யூட்ரிகுலேரியாவைக் கொடுத்தனுப்பினார். அந்த அம்மையார் விஞ்ஞானி அல்லர். அரிய செடிகளை ஆசைக்கு வளர்த்தவர். அவர் தம் செடியைப் பொக்கிஷமாகப் பூட்டி வைத்திருந்தால், டார்வினின் நூலில் சில பக்கங்கள் குறைந்திருக்கும்.

அந்த ஹூக்கருக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே குடுவைச்செடியான மேகாலயத்தின் ‘நெப்பந்தஸ் காசியானா’வுக்கு 1873-இல் அறிவியல் பெயர் சூட்டி விவரித்தவர் அவர்தாம். இன்று சென்னையில் பூச்சியுண்ணும் செடி வளர்க்கும் எவரைக் கேட்டாலும், தம்மிடம் இருக்க வேண்டும் என்று அவர் விரும்பும் முதல் செடி அதுவாகவே இருக்கும். அதை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளலாமா, கூடாதா என்ற கேள்வி எங்களைப் போன்றவர்களிடையே அடிக்கடி எழுகிறது. கேள்வி சிறியது, ஆனால், அரிய உயிர்களைக் காப்பது என்றால் என்ன என்பதையே அது கேட்கிறது.

நான் மயிலாப்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் நிழல்வலைக்கு அடியில் இந்தச் செடிகளை வளர்த்து வருகிறேன். அடையாற்றிலும் தியாகராய நகரிலும் இதே பித்துப் பிடித்த நண்பர்கள் உண்டு. எங்களுக்குச் சங்கம் இல்லை. தலைவர், செயலாளர் இல்லை. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகும்போது கையில் ஈரப்பாசி சுற்றிய தண்டுத்துண்டு ஒன்று இருக்கும், அவ்வளவே. நவராத்திரிக்குச் சுண்டல் கொடுப்பதுபோல, வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் செடித்துண்டு கொடுப்பது எங்கள் வழக்கம்.

இந்தச் செடிகளின் இயல்பைச் சற்று விளக்கினால்தான் பகிர்வின் தேவை புரியும். இவை பிறந்த இடம் வளமற்ற மண். சதுப்பிலும், மழை கழுவிய பாறைச் சரிவிலும், மணல் திட்டிலும் நைட்ரஜனும் பாஸ்பரசும் போதிய அளவில் இருப்பதில்லை. வேரால் பெற முடியாததை இலையால் பெறும் வழியை இவை கண்டுகொண்டன. குடுவைச்செடியின் குடுவை பூ அன்று. இலை நுனியின் நீட்சி. அதன் விளிம்பு ஈரத்தில் வழுக்கும். விளிம்பில் தேன் சுரக்கும். தேனுக்கு வரும் எறும்பு உள்ளே சறுக்கி விழும். அடியில் உள்ள செரிமான நீர் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்தார், புற ஊதா ஒளியில் நெப்பந்தஸ் குடுவையின் விளிம்பு நீல நிறத்தில் ஒளிர்வதை 2013-இல் வெளியிட்டனர். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி பூச்சிகளை அழைக்கிறது என்பது அவர்களின் விளக்கம்.

வளமற்ற மண்ணுக்குப் பழகிய செடிக்கு வளமே நஞ்சு. நாற்றங்காலில் வாங்கி வந்தவுடன் பலர் செம்மண்ணும் தொழுவுரமும் கலந்த தொட்டியில் இதை நடுகிறார்கள். சில வாரங்களில் செடி கருகிவிடும். உரத்துக்கு அடுத்த எமன் தண்ணீர். கரைந்த உப்பு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருக்கும் நீரே இவற்றுக்கு நல்லது. என் தெருவின் ஆழ்துளைக் கிணற்று நீரில் அளவுமானியை வைத்தால் எண் ஆயிரத்தை நோக்கி ஓடுகிறது. ஆகவே, மழைநீரைப் பிடித்து வைக்கிறோம். அது தீர்ந்தால் ஆர்.ஓ. இயந்திரத்தின் நல்ல நீர். 2003-இல் தமிழகத்தில் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டபோது அதை நிலத்தடி நீருக்கான திட்டமாகவே எல்லோரும் பார்த்தோம். என் வீட்டில் முதல் இரண்டு பீப்பாய்கள் செடிகளுக்குப் போகின்றன, மிச்சம்தான் பூமிக்கு.

கோடையில் கொசு ஒழியும் என்று நம்பி இதை வாங்குவோரும் உண்டு. விற்பவர்கள் அப்படிச் சொல்லியே விற்கிறார்கள். ஒரு குடுவைச்செடி ஒரு வாரத்தில் பிடிப்பதைவிட அதிகமான கொசுக்கள் ஒரே மாலையில் நம் வீட்டு ஜன்னல் வழியாக வந்துவிடும். அந்த ஆசையில் வாங்க வேண்டாம்.

இனி, பகிர்வுக்கு வருகிறேன். பகிர்வது நல்ல குணம் என்பதற்காக மட்டும் நான் இதை வலியுறுத்தவில்லை. குடுவைச்செடியில் ஆண், பெண் என்று தனித்தனிச் செடிகள் உண்டு. ஒரு செடியில் ஆண் பூ மட்டுமே பூக்கும். இன்னொன்றில் பெண் பூ மட்டுமே. ஒரே செடியை வைத்திருப்பவர் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தாலும் ஒரு விதைகூடக் கிடைக்காது. பூக்காதவரை அது ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. மயிலாப்பூரில் பெண் செடி பூக்கும் வாரத்தில் அடையாற்றிலோ தியாகராய நகரிலோ ஆண் செடி பூத்திருக்க வேண்டும். அந்த மகரந்தம் உலர்ந்த காகிதப் பொட்டலத்தில் குளிர்சாதனப் பெட்டி ஏறி, பேருந்து ஏறி வர வேண்டும். விதை வந்தாலும் அது நெடுநாள் தாங்காது. சில வாரங்களிலேயே முளைப்புத்திறன் சரியத் தொடங்கிவிடும். அறுத்தவுடன் பலருக்கும் பிரித்துக் கொடுத்து, பல வீடுகளில் விதைப்பதே அறிவுடைமை.

தண்டுத்துண்டு மூலம் பெருக்குவது எளிது. இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டை எடுத்து, இலைகளைப் பாதியாக நறுக்கி, ஈரமான ஸ்பாக்னம் பாசியில் செருகி, தெளிவான நெகிழி உறையால் மூடி, வெயில் நேராகப் படாத இடத்தில் வைத்தால் இரண்டு மாத அளவில் வேர் பிடிக்கும். நியூசிலாந்துப் பாசி விலை அதிகம் என்பவர்கள், நம் பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவை உப்பு முழுதும் போகும்வரை மழைநீரில் பலமுறை அலசிப் பயன்படுத்தலாம்; எனக்கு அது நன்றாகவே கைகொடுக்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும் இதற்கு உகந்த மாதங்கள். சித்திரையில் செய்தால் பத்தில் ஒன்று தேறினாலே பெரிது.

ஆனால், தண்டுத்துண்டு தாய்ச்செடியின் நகல். ஒரு செடியிலிருந்து ஐம்பது வீடுகளுக்குப் போன ஐம்பது துண்டுகளும் மரபணுவில் ஒரே செடிதான். பிலிப்பைன்ஸ் நாட்டு இரு வகைகளின் கலப்பான ‘வென்ட்ராட்டா’ சென்னை நாற்றங்கால்களில் மிகுதியாகக் கிடைப்பது. வெயிலைத் தாங்கும், புதியவர்களுக்கு ஏற்றது. அது எத்தனை வீட்டில் இருந்தாலும் காட்டில் உள்ள ஓர் இனத்தைக் காப்பாற்றுவதாகப் பெருமைப்பட இடமில்லை. விதைவழி வந்த, ஊர் தெரிந்த, பெற்றோர் தெரிந்த செடிகள் பல கைகளில் இருந்தால்தான் அது காப்பு.

பல கைகளில் என்று சொல்வதற்குக் காரணம் இந்த நகரமே. 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் வர்தா புயல் மாடித்தோட்டங்களைத் துடைத்துக்கொண்டு போனது. 2019 கோடையில் குடிக்கவே நீர் இல்லாமல் நகரம் லாரிகளின் பின்னால் நின்றது. அந்த நாள்களில் ஆர்.ஓ. நீரைச் செடிக்கு ஊற்றுவது பாவம் என்று எனக்கே தோன்றியது. ஒரு வீட்டின் சேகரிப்பு ஒரே இரவில் அழிவது இங்கே கற்பனை அன்று. நண்பருக்குக் கொடுத்த துண்டு அங்கே பிழைத்திருந்தால், அது மறுபடி நமக்கு வரும். என் மாடியில் இன்று இருக்கும் செடிகளில் மூன்று, நான் கொடுத்தவற்றின் வழியாக எனக்கே திரும்பி வந்தவை.

இப்படிக் கைமாறும் ஒவ்வொரு செடியோடும் ஒரு பெயர்ச்சீட்டு போக வேண்டும். இதில் நான் கறார்க்காரன் என்று பெயர் வாங்கியவன். இனத்தின் பெயர், விதையா துண்டா, யாரிடமிருந்து வந்தது, எந்த ஆண்டு, தெரிந்தால் ஆணா பெண்ணா: இவ்வளவும் பென்சிலால் எழுதப்பட வேண்டும். மை சென்னை வெயிலில் ஒரு கோடைக்கே வெளுத்துவிடும், பென்சில் நிற்கும். சீட்டு இல்லாத செடி அழகாக இருக்கலாம். ஆனால், அதிலிருந்து விதை எடுத்து ஓர் இனத்தின் பெயரால் இன்னொருவருக்குக் கொடுக்க இயலாது. கலப்பினங்கள் எளிதில் உருவாகும் குலம் இது. பெயர் தவறினால் இரண்டு தலைமுறையில் அசல் எது என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

சீட்டு கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘மணி பிளான்ட் திருடி வைத்தால்தான் வளரும்’ என்று நம் வீடுகளில் விளையாட்டாகச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக் கொடியில் ஒரு கணுவைக் கிள்ளுவதால் உலகம் அழிந்துவிடாது. அரிய செடிகளில் அந்த விளையாட்டு வினையாகிறது. வீனஸ் பூச்சிப்பொறி என்னும் செடி, உலகிலேயே அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரச் சமவெளியில் மட்டும் இயற்கையாக வளர்வது. திசு வளர்ப்பில் லட்சக்கணக்கில் உற்பத்தியாகி மலிவாக விற்கப்பட்டாலும், காட்டிலிருந்து தோண்டித் திருடுவது நிற்கவில்லை. 2014 டிசம்பர் முதல் வட கரோலினாவில் அந்தத் திருட்டு கடுங்குற்றமாக்கப்பட்டது. (அந்தச் செடிக்கு ஆண்டுதோறும் மூன்று நான்கு மாதக் குளிர் உறக்கம் தேவை. நம் மார்கழி அதற்குப் போதாது. சென்னையில் வாங்குவோர் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் இழப்பதற்காகவே வாங்குகிறார்கள். அதனால் நான் அதை யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.)

ஓர் ஓவியமே ஒரு செடிக்குப் பகையான கதையும் உண்டு. மரியான் நார்த் என்னும் ஆங்கிலப் பெண் ஓவியர் போர்னியோவின் சாராவாக்கில் கண்ட பெரிய குடுவைச்செடி ஒன்றை வரைந்தார். லண்டனில் அரிய செடி வணிகம் செய்த வீட்ச் நிறுவனத்தார் ஓவியத்தைப் பார்த்து, சார்லஸ் கர்ட்டிஸ் என்பவரைச் செடி தேடி அனுப்பினர். ஹூக்கர் 1881-இல் அதற்கு ‘நெப்பந்தஸ் நார்த்தியானா’ என்று பெயரிட்டார். சுண்ணாம்புப் பாறைகளில் சிறு பரப்பில் மட்டும் வாழும் அந்தச் செடி, சேகரிப்பாளர்களின் ஆசைக்கு அன்றிலிருந்து இன்றுவரை விலை கொடுத்து வருகிறது. அன்று ஓவியம் செய்ததை இன்று கைப்பேசிப் படம் செய்கிறது. காட்டில் அரிய செடியைக் கண்டால் படம் எடுக்கலாம். இடத்தைச் சொல்லக் கூடாது. செடியைப் பகிர், இடத்தைப் பகிராதே என்பதைப் புதிதாக வருவோருக்கு நான் முதலில் சொல்லுவேன்.

காட்டிலிருந்து பிடுங்கப்பட்ட செடியைக் கண்டறிவது அவ்வளவு கடினம் அன்று. தண்டு முதிர்ந்து கட்டையாக இருக்கும். கிழிந்த, பூச்சி அரித்த பழைய இலைகள் இருக்கும். வேர் அறுந்து, புதுத் தொட்டியின் கலவைக்குத் தொடர்பில்லாத மண் ஒட்டியிருக்கும். ஒரே விற்பனையாளரிடம் பெரிய செடிகள் மட்டும் இருக்கும், குட்டிகள் இரா. நாற்றங்காலில் வளர்ந்தவை ஒரே வயதில், ஒரே அளவில், சீரான வட்டமாக இலை விரித்திருக்கும். விலை மலிவாக இருப்பது நல்ல அறிகுறி என்று எண்ண வேண்டாம். ஐந்தாறு ஆண்டுகள் வளர்க்க வேண்டிய பெரிய செடி ஒன்றை எவரேனும் மிக மலிவாகக் கொடுத்தால், அந்த ஆண்டுகளை அவர் செலவழிக்கவில்லை என்பதே பொருள்.

அரியது என்றால் தொலைவில் இருப்பது என்று எண்ணிக்கொள்கிறோம். நம் தமிழ்நாட்டிலேயே பூச்சியுண்ணும் செடிகள் பல உள்ளன. ட்ரோசீராவில் மூன்று இனங்களேனும் இங்கு உண்டு; ஒன்று நீலகிரி போன்ற உயர்மலைப் புல்வெளிகளில், மற்ற இரண்டும் மழைக்குப் பின் ஈரம் காயாத மணற்பாங்கான சமவெளிகளில். இலை முழுதும் பசைத்துளிகள் மின்னுவதால் சித்த மருத்துவர் இதை அழுகண்ணி என்று வழங்குவர். அப்பெயர் வேறு செடிக்கும் வழங்குவது உண்டு. பழைய ஒரு ரூபாய் நாணயத்தின் அளவே உள்ள சிவந்த வட்டம், ‘ட்ரோசீரா பர்மானி’. காலடியில் மிதித்துக்கொண்டு போயிருப்போம். குளங்களிலும் ஏரிகளிலும் மிதக்கும் யூட்ரிகுலேரியா, நீரின் கீழே கடுகளவுப் பைகளில் நுண்ணுயிர்களை உறிஞ்சிப் பிடிப்பது. நம் பள்ளித் தாவரவியல் பாடத்தில் பெயர் மட்டும் படித்துத் தேர்வு எழுதிய செடிகள் இவை. பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருமுறையேனும் மாணவர்களை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றால் போதும்.

இவற்றைத் தோண்டி வீட்டுக்குக் கொண்டுவரத் தேவையில்லை. பர்மானி ஓராண்டுச் செடி. தனக்குத்தானே மகரந்தம் சேர்த்துத் தூசி போன்ற விதைகளை ஏராளமாகக் கொட்டும். யாரேனும் ஒருவர் வளர்த்தால், அடுத்த ஆண்டு பத்துப் பேருக்குக் காகிதப் பொட்டலத்தில் கொடுக்கலாம். அதே சமயம், மிச்சமான வெளிநாட்டுச் செடிகளை ஏரியில் விடுவதும் கூடாது. அயர்லாந்தின் சதுப்புகளில் வட அமெரிக்கக் குடுவைச்செடியான சாரசீனியாவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆசையாக நட்டார்கள். அது அங்கே பரவி, உள்ளூர்ச் செடிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

வெளிநாட்டிலிருந்து விதை தருவிப்போருக்கும் ஒரு சொல். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி, செடியோ விதையோ இந்தியாவுக்குள் வர இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர நலச்சான்றும் வேண்டும். நண்பர் அன்பாகக் கடித உறையில் வைத்து அனுப்பிய விதைக்கும் விலக்கில்லை. குடுவைச்செடிகள் அனைத்தும் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் கீழ் வருபவை. பெரும்பாலானவை அதன் இரண்டாம் இணைப்பில் உள்ளன. முதல் இணைப்பில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்பில், இரண்டே நெப்பந்தஸ் இனங்கள் இருக்கின்றன. ஒன்று போர்னியோவின் கினபாலு மலைப் பகுதியில் வாழும் ‘ராஜா’. மற்றது நம் காசியானா.

காசி, காரோ மலைகளில் வாழும் மக்கள் இச்செடியைத் தத்தம் மொழியில் அரக்கனோடும் பேயின் கூடையோடும் ஒப்பிட்டுப் பெயரிட்டிருக்கிறார்கள். திறவாத குடுவையின் நீரைக் கண்நோய்க்கு மருந்தாகவும் பயன்படுத்தியவர்கள் அவர்கள். காரோ மலையின் பாக்மாராவில் மூன்று ஹெக்டேருக்கும் குறைவான சிறு சரணாலயம் இதற்கென்றே உண்டு. நிலக்கரி, சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், சாலைகள், சாகுபடிக்கு எரிக்கப்படும் காடு, பிடுங்கிச் செல்லும் கைகள் ஆகிய எல்லாம் சேர்ந்து இதன் வாழிடத்தைத் துண்டுதுண்டாக்கிவிட்டன.

1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் ஒரு புதிய இயல் சேர்க்கப்பட்டது. குறிப்பிட்ட ஆறு தாவர வகைகளுக்குப் பாதுகாப்பு அளித்த அந்தப் பட்டியலில் காசியானாவும் ஒன்று. 2022 திருத்தத்துக்குப் பின் அட்டவணையின் எண் மாறியிருக்கிறது. செடி பட்டியலில் இருந்து நீங்கவில்லை. அந்த இயலின் 17ஏ பிரிவு, இச்செடிகளைக் காட்டிலிருந்து பறிப்பதைத் தடுப்பதோடு நிற்கவில்லை. வைத்திருப்பதும், விற்பதும், கொடையாகவோ வேறு வகையிலோ கைமாற்றுவதும், எடுத்துச் செல்வதும் கூடாது என்கிறது. உயிருள்ளதானாலும் உலர்ந்ததானாலும், முழுச் செடியானாலும் அதன் பகுதியானாலும் ஒன்றே. வளர்ப்பதற்கும் தலைமை வனஉயிரினக் காப்பாளரின் உரிமம் வேண்டும் என்கிறது 17சி பிரிவு. சட்டத்தை மீறினால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

‘கொடையாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டம் இயற்றியவர்கள் அதைத் தெரிந்தே சேர்த்திருக்கிறார்கள். விற்பனையை மட்டும் தடை செய்தால், எல்லா விற்பனையும் அன்பளிப்பு என்ற பெயரில் நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த முன்யோசனையை நான் மதிக்கிறேன். ஆகவே, உரிமம் இல்லாமல் காசியானாவின் துண்டு ஒன்றை நண்பருக்குக் கொடுப்பது எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும் குற்றமே. இது தெரியாமல் பகிர்வோர் இருக்கிறார்கள். தெரிந்துகொண்ட பின் பகிரக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால், மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சைட்டிஸ் ஒப்பந்தம், முதல் இணைப்பில் உள்ள தாவரமானாலும் வணிகத்துக்காகச் செயற்கையாகப் பெருக்கப்பட்டதை இரண்டாம் இணைப்புச் செடியைப்போலவே நடத்த இடம் தருகிறது. அதனால் ஐரோப்பிய நாற்றங்கால்களில் காசியானா நெடுங்காலமாக விதைவழி வளர்க்கப்பட்டு, தொடக்கநிலையினருக்கு ஏற்ற செடி என்று விற்கப்படுகிறது. பனி பெய்யும் ஊரில் ஒருவர் அதைத் தம் ஜன்னலோரம் சட்டப்படி வைத்துக்கொள்ளலாம். அது பிறந்த நாட்டில், அதற்கு ஓரளவு ஏற்ற வெப்பமும் ஈரமும் உள்ள சென்னையில், ஒருவர் இன்னொருவரிடமிருந்து அதை வாங்கிக்கொள்ள எளிய சட்டவழி இல்லை. கள்ள வணிகர் இந்த இடைவெளியில்தான் கடை விரிக்கிறார்.

திசு வளர்ப்பில் இச்செடியைப் பெருக்கும் முறை நம்மிடம் இல்லாதது அன்று. ஷில்லாங்கில் உள்ள வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகமும் பாலோடு நிறுவனமும் அதைச் செய்து காட்டியிருக்கின்றன. சட்டத்தைத் திருத்தவும் வேண்டியதில்லை. பெருக்குவதற்கு அனுமதி தரும் 17பி பிரிவும், வளர்ப்பதற்கும் விற்பதற்கும் உரிமம் தரும் பிரிவுகளும் ஏற்கெனவே இருக்கின்றன. அவை ஆய்வகத்தையும் பெரிய நாற்றங்காலையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மாடியில் இரண்டு தொட்டி வைத்திருப்பவர், கணக்குப் புத்தகமும் ஆய்வும் அறிக்கையும் உள்ள உரிமத்தை நாடிப் போக மாட்டார்.

நான் கேட்பது இதுதான். விதையிலிருந்தோ திசு வளர்ப்பிலிருந்தோ உரிமம் பெற்ற நிறுவனம் பெருக்கிய செடி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கட்டும். அந்த எண்ணோடு வாங்குபவர் ஒரு பக்கப் படிவத்தில் பதிவு செய்துகொள்ளட்டும். அவர் ஒரு துண்டை வேர்ப்பிடிக்க வைத்து இன்னொருவருக்குக் கொடுத்தால், தாய்ச்செடியின் எண்ணைக் குறித்து அதையும் பதிவு செய்யட்டும். விற்பனைப் பணத்தில் ஒரு பங்கு ஜைந்தியா, காரோ மலைக் கிராமங்களுக்குப் போகட்டும். செடி காட்டில் நிற்பதால் தமக்கு வரவு உண்டு என்று அறிந்த கிராமம், அதைப் பிடுங்க வருபவனுக்கு வழிகாட்டாது. எண் இல்லாத காசியானா எவரிடம் இருந்தாலும் பறிமுதல் செய்யலாம். இன்று காட்டிலிருந்து பிடுங்கியதையும் ஆய்வகத்தில் வளர்ந்ததையும் ஒரு வனக்காவலர் எதை வைத்துப் பிரித்தறிவார்? எண் இருந்தால் அவருடைய வேலை எளிதாகும்.

பதிவு முறையில் ஏமாற்ற மாட்டார்களா என்றால், ஏமாற்றுவார்கள். பிடுங்கிய செடிக்கு இறந்த செடியின் எண்ணை ஒட்ட முயல்வார்கள். ஆயினும், மலிவாகவும் சட்டப்படியும் நல்ல செடி கிடைக்கும்போது, முதிர்ந்த காட்டுச்செடிக்கு அதிக விலை கொடுக்கும் கூட்டம் குறையும். முற்றிலும் ஒழியும் என்று நான் சொல்லவில்லை. வீனஸ் பூச்சிப்பொறியின் கதையை மேலே சொல்லியிருக்கிறேன். அங்கே மலிவு மட்டும் போதவில்லை, தண்டனையும் தேவைப்பட்டது. இங்கே தண்டனை இருக்கிறது. மலிவான நேர்வழிதான் இல்லை.

சென்னைக்கு இதில் ஒரு பங்கு உண்டு. வேளாண் தோட்டக்கலைச் சங்கம் இங்கே 1835-இல் தொடங்கப்பட்டது. செடிகளையும் விதைகளையும் மக்களிடையே பரப்புவது அதன் பழைய பணிகளில் ஒன்று. கதீட்ரல் சாலையில் 2010-இல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்கா அரசுத் தோட்டக்கலைத் துறையின் வசம் இருக்கிறது. வனத்துறையின் அனுமதியோடு அங்கே ஒரு சிறு கண்ணாடி வீட்டில் காசியானாவின் ஆணும் பெண்ணும் சில இணைகளாக இருந்தால், பள்ளிப் பிள்ளைகள் பாடநூலில் படித்த செடியைக் கண்ணால் பார்ப்பார்கள். பூக்கும் காலத்தில் விதையும் கிடைக்கும். மழைநீர்த் தொட்டி ஒன்றும் நிழல்வலையும் தவிர அதற்குப் பெரிய செலவு இல்லை. வளர்க்கத் தெரிந்தவர்கள் நகரில் இருக்கிறோம்; அழைத்தால் வருவோம்.

காசியானா கிடைக்குமா என்று என்னிடம் கேட்பவர்கள் மாதத்துக்கு ஓரிருவர் உண்டு. இல்லை என்று சொல்லி, ஏன் இல்லை என்பதையும் விளக்கி, வேர்பிடித்த வென்ட்ராட்டா துண்டு ஒன்றைப் பெயர்ச்சீட்டோடு கொடுத்தனுப்புகிறேன். உடன் ஒரு நிபந்தனையும் உண்டு: அடுத்த ஐப்பசிக்குள் அதிலிருந்து ஒரு துண்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, யாருக்குக் கொடுத்தார் என்று எனக்குச் சொல்ல வேண்டும்.